ஏலத்தின் இறுதிக் கணம்

பழைய பின்போல் விளையாட்டுப் பொறியொன்று இணையத்திலே ஏலத்துக்கு விடப்படுமாயின், ஏழு நாள் ஏலத்தின் முதல் ஆறு நாட்களும் பெரும்பாலும் ஆரவாரமின்றியே கழிகின்றன. விலை சிறிது ஏறி, ஓரிடத்திலே தங்கி நிற்கும். இறுதி நாளின் கடைசிப் பத்து விநாடிகளிலே, அதுவரை தலைகாட்டாதிருந்த இருவரோ மூவரோ திடீரெனத் தோன்றித் தம் விலையைக் கேட்பர். விலை ஒரே தாவாகத் தாவும், ஏலமும் முடிந்துவிடும். இதனை நாகரிகமற்ற பதுங்கல் எனப் பழிப்போர் உளர். சாமர்த்தியம் என மெச்சுவோரும் உளர். ஆயின், இவ்வழக்கத்தின் வேர் ஏலம் கேட்போரின் குணத்திலன்றி, ஏல விதியிலும் ஏலப்பொருளின் இயல்பிலுமே உள்ளது.

பொருளைப் பற்றி முதலிற் சில கூறல் வேண்டும். சரிந்த மேசையொன்றின் மீது உருளும் எஃகுப் பந்தைக் கீழே விழாமற் காப்பதே பின்போல் ஆட்டமாகும். இதன் தாயகம் சிக்காகோ நகரம். டேவிட் கொட்லீப் 1931 இல் வெளியிட்ட 'பபிள் போல்' எனும் பொறியுடன் இத்தொழில் பெருகியது. பந்தைத் தட்டி மேலனுப்பும் மின்துடுப்புகள் அப்பொழுது இருக்கவில்லை. ஹரி மப்ஸ் என்பவர் அமைத்த ஆறு துடுப்புகளுடன் அதே நிறுவனத்தின் 'ஹம்டி டம்டி' 1947 இலேயே வெளிவந்தது. துடுப்பு வரும்வரை ஆட்டத்தின் முடிவு பெரிதும் தற்செயலையே சார்ந்திருந்தது. அதனால் இது சூதாட்டமே எனக் கருதிய நியூயோர்க் நகர முதல்வர் லா குவாடியா 1942 இல் இதனைத் தடைசெய்து, பறிமுதலான பொறிகளைச் சம்மட்டியால் உடைப்பித்தார். 1976 இல் ரொஜர் சார்ப் எனும் எழுத்தாளர் நகர சபையினர் முன்னிலையில், பந்து இன்ன வழியாகச் செல்லும் என முன்கூட்டியே சொல்லி அவ்வாறே செலுத்திக் காட்டிய பின்னரே தடை நீங்கியது. ஆட்டம் திறனா, தற்செயலா என்ற அந்த வழக்கு தீர்ந்துவிட்டது. பொறியை ஏலத்தில் வெல்வது திறனா, தற்செயலா என்ற வழக்கோ இன்றும் தொடர்கின்றது.

1995 இல் பியர் ஒமிடியார் தொடக்கிய ஈபே ஏலத்தின் விதி எளிது. ஏலம் கேட்பவர் தாம் கொடுக்கச் சம்மதிக்கும் உச்ச விலையை இரகசியமாகப் பதிவார். அவருக்காக முறைமையே, தேவையான அளவுக்கு மட்டும், படிப்படியாக விலையை உயர்த்தும். ஒருவர் 2000 டொலரும் மற்றவர் 1600 டொலரும் உச்சமாகப் பதிந்திருப்பின், முன்னவர் 1625 டொலருக்குப் பொறியைப் பெறுவார். அதாவது, வென்றவர் கொடுக்கும் விலையை நிர்ணயிப்பவர் தோற்றவரே. முத்திரை சேகரிப்போர் தபால்மூல ஏலங்களிலே 1893 அளவிலேயே இத்தகைய முறையைக் கையாண்டுள்ளனர். இதன் தத்துவத்தை 1961 இல் ஆராய்ந்து விளக்கியவர் வில்லியம் விக்ரி. 1996 இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று நாட்களில் அவர் காலமானார்.

விக்ரியின் வாதம் தெளிவானது. ஒருவருக்குப் பொறி 1000 டொலர் பெறுமதியுடையது எனின், அவர் 900 பதிந்தால், 950 இற்குக் கிடைக்கக்கூடிய பொறியை இழக்க நேரிடலாம். 1200 பதிந்தால், 1100 கொடுத்து நட்டப்படலாம். ஆகவே உண்மைப் பெறுமதியைப் பதிவதே உத்தமம். அவ்வாறாயின், அதனை முதல் நாளிலேயே பதிந்துவிட்டுத் தம் அலுவலைப் பார்க்கப் போவதில் என்ன குறை?

இவ்வினாவை அல்வின் ரொத், அக்சல் ஒக்கன்பெல்ஸ் ஆகிய இருவரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே எடுத்துக்கொண்டனர். ஈபே ஏலம் குறித்த கணத்திலே முடிந்துவிடும். அக்காலத்தில் அமசோன் நடத்தி வந்து பின்னர் கைவிட்ட ஏலங்களிலோ, இறுதிக் கட்டத்தில் எவரேனும் விலை கேட்டால், பத்து நிமிடம் எவரும் கேளாதிருக்கும்வரை ஏலம் நீளும். ஈபேயின் தொல்பொருள் ஏலங்களில் ஏறத்தாழ 59 வீதமானவற்றிலும் கணினி ஏலங்களில் ஏறத்தாழ 40 வீதமானவற்றிலும் இறுதி விலை கடைசி ஐந்து நிமிடங்களிலே கேட்கப்பட்டது. அமசோனில் இது சுமார் 3 வீதமே. மனிதர் ஒரே தரத்தினர். விதி மாறியது, நடத்தையும் மாறியது. கணினியிலும் தொல்பொருளிலே பதுங்கல் மிகுந்தமை இன்னுங் கவனத்துக்குரியது. கணினியின் தன்மையை விவரப் பட்டியல் சொல்லிவிடும். தொல்பொருளின் தன்மையை அறிந்தவரே அறிவர். அறிந்தவர் முன்னதாக விலை கேட்டால், அதுவே மற்றவருக்குச் சாட்சியாகிவிடும்.

பின்போல் பொறி இவ்விரண்டாம் வகையினது. 1970களின் பிற்பகுதியிலிருந்து வந்த இலத்திரனியற் பொறிகளின் சுற்றுப்பலகையிலே மின்கலங்கள் உள்ளன. கவனியாது விடப்பட்டவை கசிந்து பலகையையே அரித்துவிடும். பின்புறக் கண்ணாடியின் ஓவியம் விளக்கு வெப்பத்தாலும் ஈரத்தாலும் உரிந்துபோகும். அதனைச் செம்மையாக மீட்டல் அரிது. துடுப்புகளின் அருகே ஆடுதளத்து வர்ணம் தேய்ந்து மரம் தெரியும். விற்பவர் காட்டும் படங்களில் இவை யாவும் இடம்பெறுவதில்லை. அனுபவசாலி, மூடியைத் திறந்து பலகையைப் படமெடுத்து அனுப்புமாறு விற்பவரைத் தனிப்படக் கேட்பார். கிடைத்த விடையைத் தம்முள் வைத்துக்கொண்டு இறுதிக் கணம்வரை மௌனம் காப்பார். அந்த மௌனம் அவர் உழைத்துப் பெற்ற அறிவுக்கு இட்ட பூட்டாகும்.

ஒன்றும் விசாரியாது, பிறர் கேட்கும் விலையைப் பார்த்தே துணிவுகொண்டு படிப்படியாக ஏறுபவரின் நிலை வேறு. மெக்சிக்கோ வளைகுடாவின் எண்ணெய் உரிமங்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த இலாபத்தை ஏன் பெறவில்லை என 1971 இல் மூன்று பொறியியலாளர் எழுதினர். பொருளின் பெறுமதியை மிகையாக மதிப்பிட்டவரே வெல்பவராதலின், வெற்றியே அவரது தவறான கணிப்புக்கு அறிகுறியாகிவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அரித்த சுற்றுப்பலகையுடன் வந்திறங்கும் பொறியின் முன் நிற்பவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே தேர்ந்தோர் கணக்கு பொறியின் பெறுமதியிலிருந்து கீழ்நோக்கிச் செல்கிறது. நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்தைத் தொலைவிலிருந்து கொணரும் கூலி முதலிற் கழிக்கப்படும். நேரில் வந்து எடுத்துச் செல்ல வேண்டுமென விதிக்கும் விற்பனையாளரும் பலர். அதனால் அயலூரிலுள்ளவருக்கு எப்பொழுதும் ஒரு முற்சலுகை உண்டு. அடுத்துப் பழுதுபார்க்கும் செலவு. அதன்பின், இது தவறினால் வேறொன்று வருமா என்ற வினா. 1992 இல் வந்த 'அடம்ஸ் பமிலி' 20,270 செய்யப்பட்டது; அதனைத் தவறவிட்டவர் காத்திருக்கலாம். 'ஹம்டி டம்டி' 6,500 செய்யப்பட்டாலும், முக்கால் நூற்றாண்டைக் கடந்து எஞ்சியவற்றுக்கு அந்த ஆறுதல் இல்லை. இக்கழிவுகளின் பின் எஞ்சும் தொகையையும் 1500 என முழுமையாகப் பதியாது 1531 எனப் பதிவர். முழு எண்ணிலே நின்றுவிடும் போட்டியாளரை அந்தச் சில்லறை விலக்கிவிடும்.

இளமையில் தாம் ஆடிய அதே பொறியைத் தேடுபவர் இக்கணக்குகளுக்குப் புறம்பானவர். அவருக்குரிய பெறுமதி அவர் நெஞ்சில் உள்ளது. பிறர் மதிப்பீடு அதனை மாற்றாது. விக்ரியின் ஆலோசனை இவருக்கே மிகப் பொருந்தும். முதல் நாளிலேயே உச்ச விலையைப் பதிந்துவிடலாம். ஆயின் விக்ரி எண்ணிய ஏலத்திலே விற்பவர் நேர்மையானவர். இங்கோ, விற்பவரின் நண்பரொருவர் போலியாக விலை கேட்டு, ஆசைகொண்டவரின் இரகசிய உச்சத்தைப் படிப்படியாகத் தடவிப் பார்க்க ஏழு நாள் அவகாசம் உண்டு. இறுதிப் பத்து விநாடியிலே கேட்கப்படும் விலையைத் தடவிப் பார்க்க எவருக்கும் நேரமில்லை.