ஊசிக்கு முந்தைய பேச்சு

அந்தரா ஊசி போட ஒரு நிமிடம் போதும். 150 மில்லிகிராம் மருந்து, புஜத்திலோ இடுப்பிலோ. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து அடுத்தது. 2017 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் இந்தக் கருத்தடை ஊசியில் எங்கள் கைக்கு வேலை குறைவு, வாய்க்குத்தான் வேலை. அதிலும் இரத்தப்போக்கைப் பற்றிப் போடும் முன்பே பேசிவிட வேண்டும். உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

"மாதவிடாய் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்" என்று சொன்னால் இரண்டு நாள் தள்ளிப்போகும் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் உடைத்துச் சொல்கிறேன்: "முதல் சில மாசம் எப்போ படும், எப்போ நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. பத்து நாள் சொட்டுச் சொட்டா படலாம். நின்னுட்டுத் திரும்ப வரலாம். போகப் போகக் குறையும். ஒரு வருஷம் தொடர்ந்து போட்டா பாதிப் பேருக்குத் தீட்டு வர்றதே நின்னுடும்."

அடுத்து நான் கேட்பது, "இது வீட்ல யாருக்கெல்லாம் தெரியும்?" கூச்சத்தோடு பதில் வரும். மாத்திரை என்றால் அட்டை கண்ணில் படும், ஊசிக்குத் தடயமில்லை. மாமியாருக்குத் தெரியாமல், சில சமயம் கணவருக்கும் தெரியாமல் இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. விளக்கேற்றாத நாள்களை வீடே எண்ணுகிற குடும்பத்தில், பன்னிரண்டு நாள் லேசாகப் பட்டாலே எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். குலதெய்வக் கோயில் திருவிழா அந்த மாதத்தில் வந்தால் அவள் பாடு சொல்லி மாளாது. உடம்புக்கு ஆபத்தில்லை என்று நாங்கள் சொல்வது உண்மைதான்; அதனால் அவளுக்கு இது சின்ன விஷயம் ஆகிவிடாது. எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்பதையும் அன்றே கேட்டுவிட வேண்டும். கிராம சுகாதார செவிலியர் வாசலில் நின்று ஊசித் தேதியை உரக்கக் கேட்டுவிடக் கூடாது.

ஏன் இப்படிப் படுகிறது? வழக்கமான மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சவ்வை வளர்க்கிறது, புரோஜெஸ்டிரோன் அதை நிலைநிறுத்துகிறது. இரண்டும் ஒருசேர இறங்கும்போது சவ்வு மொத்தமாக உதிர்கிறது. ஊசியில் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து மட்டும் இடைவிடாமல் இருக்கிறது. கருமுட்டை வெளிவராது, சவ்வு மெலிகிறது, அதிலுள்ள நுண்ணிய இரத்தக்குழாய்கள் வலுவிழந்து அங்கங்கே கசிகின்றன. நாள்கணக்கு இல்லாமல் போவது அதனால்தான். பிறகு உதிரச் சவ்வே இல்லாத நிலை வருகிறது. அப்போது, "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமா டாக்டரம்மா?" என்று பயந்து வருவார்கள். நடவே நடாத வயலில் அறுக்க என்ன இருக்கும் என்று திருப்பிக் கேட்பேன். விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருப்பதில்லை.

கருத்தடை மாத்திரையின் வரலாற்றிலும் இந்தக் கசிவு உண்டு. 1950களில், ஆய்வுக்காகத் தயாரித்த மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருள் சிறிதளவு கலந்திருந்தது. சுத்திகரித்து அதை நீக்கியதும் இடையிடையே இரத்தம் படுவது கூடியது. ஆகவே வேண்டுமென்றே அதைத் திரும்பச் சேர்த்தார்கள். இன்றைய மாலா-என் அட்டையிலும் 21 ஹார்மோன் மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டு வகையும் இருக்கின்றன. மீதி ஏழு இரும்புச்சத்து. மாத்திரை சாப்பிடுபவர் நடுவில் படுகிறது என்றால், எத்தனை நாள் விட்டுப்போனது என்றும், காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எடுக்கிறாரா என்றும் முதலில் கேட்பேன். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும்.

ஊசி போட்டவர் படுகிறது என்று வந்தால் பழியை உடனே ஊசியின் மேல் போடக் கூடாது. இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கர்ப்பமில்லை என்று உறுதி செய்ய வேண்டும். உறவுக்குப் பின் படுகிறதா, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறதா, அடிவயிறு வலிக்கிறதா என்று கேட்டு, கருப்பை வாயைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். புற்றுநோயின் முதல் அறிகுறி "ஊசியால வந்தது" என்ற பேச்சுக்குள் மறைந்துவிடக் கூடாது. கீழிமையை இழுத்து இரத்தசோகை பார்க்கிறேன். வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு போனாலோ, எட்டு நாளைத் தாண்டினாலோ அது அதிகம். வேறு காரணம் இல்லாதபோது மெஃபனாமிக் ஆசிட் 500 மில்லிகிராம், சாப்பிட்டபின் இரண்டு வேளை, ஐந்து நாள். பலருக்கு அப்போதைக்கு அடங்கும். திரும்பவும் வரலாம், அதையும் சொல்லியே கொடுக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் "வேணாம்மா, நிறுத்திடறேன்" என்றால் நான் வாதாடுவதில்லை. கடைசி ஊசியிலிருந்து கரு தரிக்க ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம், ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்வேன். மாற்றாகக் காப்பர்-டி போட்டால் முதல் மாதங்களில் போக்கு கூடலாம். லக்னோவில் கண்டுபிடித்த சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. அதில் தீட்டு தள்ளிப்போகும். யோசித்து வருகிறேன் என்பவர் கையில் அன்றைக்கு நிரோத் பாக்கெட்டாவது கொடுத்துத்தான் அனுப்புகிறோம்.