தள்ளுகட்டை

கைத்தொழில் என்னும் சொல்லிலே கை முன்னிற்கின்றது. உளியும் சீவுளியும் கொட்டாப்புளியும் கையின் நீட்சிகளாகவே எம்மவராற் கருதப்பட்டு வந்துள்ளன. ஆயின், கையை மரத்திலிருந்து விலக்கி வைப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. அக்கருவியை ஏற்றுக்கொள்ளத் திறமை மிக்கவர்களே பெரிதும் தயங்குகின்றனர். இவ்விரண்டையும் நான் அறிந்துகொண்டது நூல்களிலிருந்து அன்று. என் தாய்மாமனாரின் தச்சுப்பட்டறையிலிருந்தேயாம்.

2003ஆம் ஆண்டு, க.பொ.த. உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில் நான் அப்பட்டறையில் உதவியாளனாக இருந்தேன். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தை அடுத்து, இடம்பெயர்ந்தோர் பலர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. சுவர் எஞ்சியிருந்த வீடுகளிற் கதவு இல்லை. கூரை எஞ்சியிருந்த வீடுகளில் யன்னல் இல்லை. ஆதலால் தச்சர்களுக்கு ஓய்வு என்பதே இல்லாதிருந்தது. வேலைப்பளுவைச் சமாளிக்கும் பொருட்டு மாமா ஒரு பழைய வட்டவாள் மேசையை வாங்கியிருந்தார். அது எங்களிடம் வந்தபோதே வாளை மூடும் காப்பும், அறுபட்ட பிளவு மீண்டும் ஒடுங்காமல் வாளின் பின்னே நின்று தடுக்கும் பிளவுக்கத்தியும் அதில் இல்லை. அவற்றைத் தேடிப் பொருத்தவேண்டும் என்று எவருக்கும் தோன்றவுமில்லை.

அப்பட்டறையிலே தொழில்நுட்பக் கல்லூரியொன்றிற் பயின்று வந்த இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் வந்த முதல் வாரத்திலேயே பலகைத் துண்டொன்றை வெட்டி, சீவுளிக்கு உள்ளதுபோன்ற கைப்பிடி வைத்து, ஒரு தள்ளுகட்டை செய்தார். குறுகிய ரீப்பைகளை அறுக்கும்போது விரலுக்குப் பதிலாக அக்கட்டையால் மரத்தைத் தள்ளவேண்டும் என்றார். அனைவரும் சிரித்தனர். மாமா சிரிக்கவில்லை, ஆனால் உடன்படவுமில்லை.

“தம்பி, கைக்குத்தான் மரத்தின்ரை குணம் தெரியும். கட்டைக்கு என்ன தெரியும்?” என்று மட்டும் கேட்டார். இரண்டு நாட்களின் பின் அக்கட்டை தேநீர் அடுப்புக்கு விறகாயிற்று.

மாமாவின் கூற்றைப் பழமைவாதம் என ஒதுக்கிவிட முடியாது. முப்பது ஆண்டுகள் உளி பிடித்த கை அது. இழையோட்டம் எங்கே திரும்புகின்றது, கணு எங்கே ஒளிந்திருக்கின்றது என்பதை அவருடைய விரல்நுனிகள் கண்ணுக்கு முன்னரே கண்டுவிடும். சீவுளியைப் பொறுத்தவரை அவ்வறிவு முற்றிலும் உண்மையானது. ஏனெனில் அங்கே கருவியின் வேகம் கையின் வேகமேயாகும். வட்டவாளின் நிலை வேறு. 10 அங்குல விட்டமுள்ள வாள் நிமிடத்துக்கு 4000 முறை சுழலுமாயின், அதன் பற்கள் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றன. ஆபத்தை உணர்ந்து கையை இழுப்பதற்கு மனிதனுக்கு வினாடியின் ஐந்திலொரு பங்கேனும் வேண்டும். அதற்குள் வாள் பதின்மூன்று முறை சுழன்றுவிடும். கை அறிவது உண்மைதான். ஆனால் அறிந்து முடிக்கும்போது காலம் கடந்துவிடுகின்றது.

அன்று மாலை வேப்பம்பலகையொன்றிலிருந்து ஓரங்குல அகலமான ரீப்பைகளை அறுத்துக்கொண்டிருந்தோம். மாமா முன்னின்று தள்ள, நான் வாளுக்கு அப்பால் நின்று அறுபட்ட மரத்தை ஏந்திக்கொண்டேன். மின்சாரம் நிற்பதற்குள் முடித்துவிடவேண்டும் என்னும் அவசரம் எம்மிருவருக்கும் இருந்தது. ஏந்துபவன் ஏந்தவேண்டுமேயன்றி இழுக்கலாகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பலகையின் கடைசிச் சாண் எஞ்சியிருக்கையில் நான் அதைப் பற்றிச் சற்றே என் பக்கமாக இழுத்தேன். மரம் கோணிற்று, பிளவு ஒடுங்கி வாளைக் கவ்விற்று.

வட்டவாளின் முன்பற்கள் மரத்தை மேசைமீது அழுத்தியவாறு கீழிறங்குகின்றன; பின்பற்களோ மேலெழுகின்றன. கவ்வப்பட்ட மரத்தை அப்பின்பற்கள் தூக்கித் தள்ளுபவனை நோக்கி எறிந்துவிடும். அவ்வாறே பலகை மாமாவின் விலாவோரமாகப் பறந்து சென்றது. அதனை அழுத்திக்கொண்டிருந்த அவருடைய வலக்கைக்குக் கீழே திடீரென மரம் இல்லாது போயிற்று. வாள் கையைத் தேடி வரவில்லை. கை தன் சொந்த விசையினாலேயே வாளின்மீது சென்றது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இடைக்கணுவோடு போயின.

மாதங்கள் சில கழிந்து மாமா மீண்டும் பட்டறைக்கு வந்தபோது முதலிற் செய்த பொருள் கதவுமன்று, யன்னலுமன்று. மீந்த மூன்று விரல்களால் உளியைப் பிடித்து ஒரு தள்ளுகட்டை செய்தார். ஏறக்குறைய ஓரடி நீளம். வாளுக்கு மேலே கை உயர்ந்து நிற்கத்தக்க உயரம். அடிப்பாகத்தின் பின்முனையில், மரத்தின் கடைசியைப் பற்றித் தள்ளும் சிறு குதி. அடிப்பாகம் வழுக்காதிருக்கப் பழைய சைக்கிள் ரியூப்பின் றப்பரை ஒட்டினார். வெறுங்கோலும் தள்ளும், ஆனால் பின்னாலிருந்து மட்டுமே தள்ளும், மரம் மேலெழுவதைத் தடுக்காது. கட்டையோ தள்ளும் அதே வேளையில் மரத்தைக் கீழே அழுத்துகின்றது. வழிகாட்டிச் சட்டத்தோடு அணைத்தும் வைக்கின்றது. வாளை முற்றாகத் தாண்டும்வரை மரத்தைக் கொண்டு செல்கின்றது. இடையில் வாள் கட்டையையும் அறுக்கும். அறுபடுவதற்காகவே அது மரத்தாற் செய்யப்படுகின்றது. இரும்பாயின் வாளின் பல் சிதறிவிடும். அதனை மாமா மேசையின் வலப்பக்கத்திற் கயிற்றாற் கட்டித் தொங்கவிட்டார். எட்டாத இடத்திலிருக்கும் காப்பு எவருக்கும் பயன்படாது என்பது அவர் கண்ட முடிபு. பிளவுக்கத்தியொன்றையும் இரும்புத் தகட்டில் வெட்டிப் பொருத்தினார்.

எமது நாட்டுச் சட்டங்கள் இவ்விடயத்தில் வாளாவிருக்கவில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பிடவேண்டும் என்கின்றது. தசை பட்ட கணத்தில், ஏறத்தாழ 5 மில்லிசெக்கனில், வாளை நிறுத்திவிடும் முறையொன்றை அமெரிக்கரான ஸ்டீவன் காஸ் 1999இற் கண்டறிந்தார். அத்தகைய மேசையை எமது ஊர்ப் பட்டறைகளில் நான் கண்டதில்லை. அங்கே சட்டத்துக்கும் விரலுக்கும் இடையில் நிற்கக்கூடியது பெரும்பாலும் ஒரு மரத்துண்டுதான். அதற்குச் செலவு எதுவுமில்லை. தடையாக நிற்பது தன்மானமே. கட்டையைப் பிடிப்பவன் கற்றுக்குட்டி என்னும் எண்ணத்தைக் கைவிடுவதற்கு மாமா இரண்டு விரல்களைக் கொடுக்க நேர்ந்தது.

விபத்தைப் பற்றி எவர் கேட்டாலும், “என்ரை கவனக்குறைவுதான்” என்றே அவர் கூறுவார். நான் இழுத்ததை அவர் அறிவாரோ என்பது நெடுங்காலம் என்னை வருத்திய ஐயம். பல்கலைக்கழக அனுமதி கிடைத்துப் புறப்பட்ட நாளில் துணிந்து சொன்னேன்.

“மாமா, அண்டைக்கு நான்தான் பலகையை இழுத்தனான்.”

அவர் சற்று நேரம் வாளின் பக்கம் பார்த்தவாறிருந்தார்.

“தெரியும், மருமோன். மரம் கோணினது கைக்குத் தெரிஞ்சது. கை எடுக்கத்தான் நேரம் காணேல்லை” என்றார்.

பின்னர், தேய்ந்துபோன தம் முதற் கட்டையைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து என்னிடம் தந்தார். அது இன்றும் என் மேசைமீது நூல்களுக்கு அருகே இருக்கின்றது. அதன் அடிப்பாகத்தில் வாள் பதித்த கீறல்கள் பல உள. எழுதும்போது சில வேளை அவற்றைத் தடவிப் பார்ப்பேன். ஒவ்வொன்றும் எவனோ ஒரு பயிலுநனின் விரலிற் படாமற்போன வெட்டு.