சில்லுப் பூட்டிய இறாக்கை

கல்லூரி மலரிலே தளபாடமொன்றைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு நகைப்பைத் தரலாம். எமது சங்கீத ஆசிரியரின் குரலோடு அது தொடர்புற்றமையாலேயே எழுதத் துணிந்தோம்.

அப்பெரியார் வாணி விழாக்களிற் பாடிய தேவாரங்கள் பதினான்கு கசெற்றுக்களில் எம்மிடம் எஞ்சியுள்ளன. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நீங்கியபோது, உடுபுடைவைகளுக்கிடையே சுற்றிக் கொண்டுசென்றவை அவை. அவற்றிற் பூஞ்சணம் படரத் தொடங்கவே, கணினியில் ஏற்றிவிட எண்ணி, வீட்டின் பின்னறையை ஒலிப்பதிவறை ஆக்கினோம். பத்தடிச் சதுரமான அறை. மாரியில் ஒரு மூலை ஒழுகும். கருவிகளின் பின்புறத்து வயர்களைத் தொடவேண்டின் எல்லாவற்றையும் நகர்த்தவேண்டும். ஆதலாற் சில்லுள்ள இறாக்கையே தக்கதெனக் கண்டோம்.

கொழும்பிற் கடையொன்றிலே விலை குறைந்த இரும்பு இறாக்கை ஒன்றை வாங்கினோம். சில்லுகள் கடினமான பிளாத்திக்கால் ஆனவை. அவை எவ்வளவு பாரம் தாங்குமென்று யாம் கேட்கவுமில்லை, கடைக்காரர் கூறவுமில்லை. போதாக்குறைக்கு, பார்வைக்கு எடுப்பாயிருக்குமென்று பாரமான அம்பிளிபயரை மேற்றட்டில் வைத்தோம். அது முற்றும் எமது பிழையே. மழைநாள் ஒன்றில், நாடா ஓடிக்கொண்டிருக்கையிலேயே, ஒழுக்கிலிருந்து விலக்க அதனை இழுத்தோம். சீமெந்துத் தரையின் வெடிப்பில் முன்சில்லு அகப்பட்டு முறிந்தது. சரிந்த இறாக்கையைத் தோளால் தாங்கிக்கொண்டோம். கசெற் கருவியோ முன்வழுகி நிலத்தில் விழுந்தது. உள்ளிருந்த நாடா இரண்டு அங்குலம் கசங்கிற்று. விநாடிக்கு 1⅞ அங்குலம் ஓடும் நாடா அது. ஆகவே நாம் இழந்தது ஒரு விநாடிக்குச் சற்று மேல். ஆசிரியர் குரலை உயர்த்தி நிறுத்தும் இடம்.

அதன் பின்னரே படிக்கத் தொடங்கினோம். தொலைபேசி நிலையங்களுக்காக அமெரிக்காவில் 1920களில் வழக்குக்கு வந்த 19 அங்குல அகலமே இன்றும் இவ்விறாக்கைகளின் அளவு. உயரத்தை 1¾ அங்குலக் கூறுகளாக எண்ணுவர். பன்னிரண்டு கூறு 21 அங்குலமாகும். உள்வெளி 450 மில்லிமீற்றர். வீட்டுக் கசெற் கருவிகள் பெரும்பாலும் 430 மில்லிமீற்றர் அகலமாதலால், பக்கக் காதுகள் இல்லாதவிடத்தும் தட்டொன்றின்மேல் அடங்கிவிடும்.

சில்லுகளைப் பற்றிய கணக்கு எம்மை நாணச் செய்தது. நான்கு சில்லாயினும் பாரத்தை மூன்றாற் பிரிக்கவேண்டுமாம். ஏனெனில் மேடுபள்ளமான தரையில் ஒரு சில்லு எப்போதும் அந்தரத்தில் நிற்கக்கூடும். எமது கருவிகள் 45 கிலோ, பெட்டி 15 கிலோ. அறுபதை மூன்றாற் பிரிக்க இருபது. எனவே 25 கிலோ தாங்கும் மூன்றங்குல றப்பர்ச் சில்லுகளை வாங்கினோம். முன்னிரண்டுக்கும் பூட்டு உண்டு.

பெட்டியை அயலிலுள்ள ஓடாவியார் பழைய வேப்பங் கதவுப் பலகையிற் செய்தார். துளைகளையும் தாமே இரும்புச் சட்டத்தில் இடுவதாக ஏற்றார். ஒவ்வொரு கூற்றிலும் உள்ள மூன்று துளைகளும் சமதூரத்தில் அமைவன அல்ல. இடைவெளி ⅝, ⅝, ½ அங்குலம் என மாறி வரும். "ஐயா, எல்லாம் ஒரே அளவாய் இருந்தால்தானே வடிவு?" என்று கேட்டு, வடிவாகவே துளைத்தும் விட்டார். ஒரு கருவியின் திருகாணியும் பொருந்தவில்லை. முடிவில் துளையிட்ட சட்டங்களை மட்டும் கடையில் வாங்கிப் பூட்டினோம். அப்படியிருந்தும் செலவு முந்திய இறாக்கையின் விலையிற் பாதிதான்.

இப்போது அம்பிளிபயர் அடியில் இருக்கின்றது. அதன்மேல் ஒரு கூறு வெப்பம் வெளியேற வெறுமையாக விடப்பட்டுள்ளது. மின்வயர்கள் ஒருபுறமும் ஒலிவயர்கள் மறுபுறமும் செல்வதால் இரைச்சலும் அடங்கிற்று. பதினொரு கசெற்றுக்கள் ஏறிவிட்டன. ஆசிரியரின் மகளார் வந்து கேட்டார். கசங்கிய இடத்தில் அவர் ஒன்றும் கூறவில்லை. அடுத்ததைப் போடும்படி மட்டும் சொன்னார்.

அது 1978ஆம் ஆண்டு வாணி விழாப் பதிவு. அன்று மண்டபத்தில் எமக்கு இடப்புறம், எம்மினும் இரண்டு வகுப்பு மேற்பட்ட மாணவர் ஒருவரும் பதிவுக் கருவியை மடியில் வைத்திருந்தார். பெயர் நினைவில் இல்லை, மூக்குக்கண்ணாடி அணிந்தவர். அவர் இம்மலரைப் படிக்க நேரின், அந்நாடா இன்னும் அவரிடம் இருக்குமாயின், சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதுவாராக.