டெயில் எண்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்

மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் லைனிலும் சப்-ஸ்டேஷனிலுமாகக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். கம்ப்யூட்டர் படித்தவனில்லை. ஆனால் ராஸ்பெரி பை மாதிரியான, சீட்டுக்கட்டு அளவே உள்ள ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர்களில் வரும் கோளாறுகளைப் பார்க்கும்போது, பாதி எனக்கு ஏற்கனவே அறிமுகமானவை என்று தோன்றும். டிஸ்க் காணாமல் போகிறது, ஃபைல் திறக்கவில்லை, காப்பி பாதியில் நிற்கிறது என்பார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் லோ வோல்டேஜ்.

எங்கள் எதிர் வீட்டு அண்ணன் 1981-ல் குவைத் போனவர். போன் செய்வதெல்லாம் கட்டுப்படியாகாத காலம். அண்ணி கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார். ஊர் நடப்பு, மாமியார் சண்டை, பிள்ளை முதல் தடவை "அப்பா" என்றது, எல்லாம் அதில் உண்டு. 1990-ல் அங்கே சண்டை வந்து, ஜோர்டான் போய் அம்மானிலிருந்து விமானம் ஏறி ஊர் திரும்பியபோது அண்ணன் கையில் ஒரே ஒரு பை. அதில் பாதி கேசட்.

அண்ணி தவறி நான்கு வருடமாகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகன் லீவில் வந்தபோது அந்தக் கேசட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு சின்ன போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ராஸ்பெரி பை 4-ல் மாட்டி, டிவியில் கேட்கும்படி செய்துவிட்டுப் போனான். ஏற்றி முடித்த பிறகு டேப்புகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஆக, அண்ணியின் குரல் இருந்த இடம் அந்த டிஸ்க் ஒன்றுதான்.

அது பேசுவதை நிறுத்தியது. அண்ணன் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய்விட்டார். அங்கிருந்தே எனக்கு போன்.

"தம்பி, கடைப் பையன் ஃபார்மட் போடணும்ங்கிறான். போட்டா உங்க அண்ணி பேசுனதெல்லாம் இருக்குமா?"

"அண்ணே, ஒண்ணையும் அமுக்க விடாதீங்க. அப்படியே கழட்டி எடுத்துட்டு வாங்க."

கடைப் பையன் கெட்டவனில்லை. அந்த டிஸ்க் லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் எழுதப்பட்டது. விண்டோஸுக்கு அது புரியாது. புரியாததைக் கண்டால் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்பது விண்டோஸின் வழக்கம். டிஸ்க் நன்றாக இருந்தாலும் கேட்கும். பைல் எழுதிய டிஸ்க்கை விண்டோஸில் மாட்டிப் பார்த்து "டிஸ்க் போச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டிஸ்க் வந்ததும் பழையபடி பையில் மாட்டி, சிஸ்டம் லாக்கைப் பார்த்தேன். 'டிமெஸ்ஜி' என்று ஒரு கட்டளை. சப்-ஸ்டேஷனில் பிரேக்டவுன் ஆனால் எந்த ரிலே முதலில் விழுந்தது என்பதைத்தான் பார்ப்போம். கடைசியில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். இங்கேயும் அப்படித்தான். கடைசி வரிகள் முழுக்க டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, எழுத முடியவில்லை என்ற புலம்பல். மேலே போகப் போக, "யுஎஸ்பி டிஸ்கனெக்ட்". அதற்கும் மேலே, மூன்று விநாடி முன்னால், "அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்". அதுதான் முதல் ரிலே.

ராஸ்பெரி பை 4-ல் வோல்டேஜ் ஏறத்தாழ 4.63-க்குக் கீழே இறங்கினால் இந்த எச்சரிக்கை வரும். 'விசிஜென்சிஎம்டி கெட் த்ராட்டில்டு' என்று கேட்டாலும் சொல்லும். வெறும் பூஜ்யம் என்றால் நலம். 50000 என்றால் பூட் ஆன பிறகு எப்போதோ இறங்கியிருக்கிறது. 50005 என்றால் இந்த நிமிடமும் இறங்கித்தான் இருக்கிறது. அண்ணன் வீட்டில் 50005.

காரணம் கண்ணெதிரே இருந்தது. மகன் வைத்துவிட்டுப் போன அடாப்டரை யாரோ எதற்கோ எடுத்துவிட்டு, பழைய செல்போன் சார்ஜரையும் மெல்லிய கேபிளையும் மாட்டியிருக்கிறார்கள். போதாததற்கு ஒரு மலிவு ஹப், தனக்கென்று அடாப்டர் இல்லாதது. அதில் டிஸ்க், பென் டிரைவ், கீபோர்டு எல்லாம் தொங்குகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 கேஜ் கம்பி மீட்டருக்கு 0.21 ஓம். ஒரு மீட்டர் கேபிளில் போகவும் வரவும் இரண்டு மீட்டர் கம்பி, கிட்டத்தட்ட 0.43 ஓம். பை சும்மா இருக்கும்போது 0.6 ஆம்பியர் இழுத்தால் இழப்பு கால் வோல்ட், தாங்கும். டிஸ்க்கும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தால் 0.85 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். சார்ஜர் 5 வோல்ட் கொடுத்தாலும் பைக்கு வந்து சேர்வது 4.15. சும்மா இருக்கும்போது சரியாக இருக்கிறதே, பாட்டுப் போட்டால்தானே போகிறது என்று அண்ணன் சொன்னது இதனால்தான்.

டிஸ்க்கில் இருப்பது மோட்டார். எந்த மோட்டாரும் கிளம்பும்போது அதிகம் இழுக்கும். லைனின் கடைசிக் கம்பத்துக்காரர் பம்ப்செட் சாயங்காலம் உர்ரென்று உறுமிவிட்டு நிற்குமே, அதே கதை. இங்கே உறுமலுக்குப் பதில் 'டிக், டிக்'. அந்தச் சத்தத்தைக் கேட்டு டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது பம்ப்செட்டைக் குறை சொல்வது போல. நல்ல அடாப்டரே போட்டாலும் பை 4-ன் நான்கு போர்ட்டும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் கொடுக்கும். மோட்டார் டிஸ்க்கோடு இன்னும் இரண்டு சாமான் மாட்டினால் தனி மின்சாரம் உள்ள ஹப் வேண்டும்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் கண்சிமிட்டும் நேரத்துக்கு இறங்கி ஏறுவதை மீட்டர் காட்டாது. லாக் காட்டும்.

5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்றும், சொந்த அடாப்டருள்ள ஹப் ஒன்றும் வாங்கினோம். ஹப்பில் ஒரு சோதனை அவசியம். பையின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, அதன் சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் ஹப் பின்பக்கமாக மின்சாரத்தைத் தள்ளுகிறது. லைனை ஆஃப் செய்துவிட்டுக் கம்பத்தில் ஏறியவனுக்கு ஏதோ வீட்டு ஜெனரேட்டரிலிருந்து வருமே, அந்த பேக் ஃபீட். எங்களுக்கு அது உயிர் விஷயம், பைக்குப் பலகை விஷயம். முதல் ஹப் எரிந்தது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினோம்.

மின்சாரம் சரியானதும் டிஸ்க்கை ரிப்பேர் செய்யும் கட்டளைக்கு ஓடக்கூடாது. முதலில் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்து, இருப்பதை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். பிறகுதான் 'எஃப்எஸ்சிகே'. அண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. கேசட் 1 ஏ பக்கம், பி பக்கம், கேசட் 2. அவர் எண்ணிக்கொண்டே வந்தார்.

ஒன்பதாவது கேசட்டில் நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை, லாக்கைப் பார்த்தேன். வோல்டேஜ் எச்சரிக்கை இல்லை. 'யுஏஎஸ்' என்று ஆரம்பிக்கும் வரிகள், கூடவே ரீசெட். யுஎஸ்பி 3 டிஸ்க்குகள் வேகமாகப் பேச ஒரு முறை அது. டிஸ்க்குக்கும் யுஎஸ்பிக்கும் நடுவே இருக்கும் சில சிப்புகளுக்கு அது லினக்ஸோடு ஒத்துவராது. 'எல்எஸ்யுஎஸ்பி' காட்டும் அடையாள எண்ணை எடுத்து, பூட் பகுதியில் இருக்கும் சிஎம்டிலைன் ஃபைலில் 'யுஎஸ்பி ஸ்டோரேஜ் குவர்க்ஸ்' என்று சேர்த்தால், அந்த டிஸ்க்குக்கு மட்டும் பழைய முறையில் பேசும். அந்த ஃபைலில் எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும், என்டர் தட்டினால் பூட் ஆகாது. வேகம் கொஞ்சம் குறையும். அண்ணி பேச்சைக் கேட்க என்ன வேகம் வேண்டும்?

பதினான்கு கேசட்டும் வந்தன. 'ஸ்மார்ட்' சோதனையில் டிஸ்க்கில் கெட்ட செக்டர் ஒன்றுகூட இல்லை. இப்போது மூன்று நகல். ஒன்று பையில், ஒன்று அண்ணன் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு, ஒன்று மகனிடம்.

ஹப் அடாப்டர் மாட்டியிருக்கும் பிளக்கில் மிக்ஸி மாட்ட வசதியாக இருக்கிறது என்று வேலை செய்யும் அம்மா சொன்னாராம். லைன் கிளியர் வாங்கினால் சுவிட்சில் மாட்டுவோமே, அதே மாதிரி ஒரு சிவப்பு அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்: "ஆட்கள் வேலை செய்கிறார்கள். கழற்றாதே."