உல்லையில் ஒரு வளவு

பொத்துவிலில் ஓட்டோ பிடித்து, "உல்லைக்குப் போகணும் தம்பி" என்றேன். "அறுகம்பேதானே சேர்?" என்று அவன் திருத்தினான். பொடியன் நம்மூரான்தான். கல்முனைக்குக் குடிபோன நான்தான் சேர் ஆகிவிட்டேன்.

குடாவுக்கு அறுகம் என்ற பெயர் பழையதுதான். ஆனால் நாங்கள் குடியிருந்தது உல்லையில். எழுபதுகளில் பலகையோடு வந்த வெள்ளைக்காரருக்கும் கிடுகுக் கொட்டில் கட்டி இடம் கொடுத்தோம். கச்சான் காலம் அவர்களுக்கு அலை, எங்களுக்கு மீன். தோணியும் பலகையும் ஒரே மணலில் கிடந்தன. யாரும் யாரையும் தள்ளவில்லை.

2004 டிசம்பர் 26 எங்கள் வீட்டை அத்திவாரத்தோடு கொண்டுபோனது. கிணறு மட்டும் மிஞ்சியது, உப்புத் தண்ணீரோடு. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்ததைப் பத்திரிகையில் படித்து உம்மாவுக்குச் சொன்னவன் நான். வித்துவிடுவோம் என்றவனும் நான்தான். ஒருவர் நல்ல விலை சொல்லியிருந்தார்.

"பொம்புளப் புள்ளட வளவு மகன் இது. வீட்டத்தான் கடல் எடுத்த. மண் கிடக்குத்தானே?" என்றார் உம்மா. அது தங்கச்சிக்கென்று வைத்திருந்த சீதன வளவு. உம்மாவுக்கு அவரது உம்மா கொடுத்தது. ஆண்பிள்ளை எனக்கு அதில் பேச்சே இல்லை. ஆனாலும் படித்தவன் என்று என் பேச்சு எடுபட்டது. உம்மா உறுதியில் ஒப்பம் வைத்தார். அந்தக் காசில் பொத்துவில் உள்ளூரில் தங்கச்சிக்கு இரண்டு அறை வீடு முடித்தோம்.

பிறகு அந்த 200 மீற்றர் தளர்ந்தது. 2008இல் அமெரிக்க உதவியில் புதிய பாலமும் வந்தது. எங்கள் வளவில் விடுதி எழும்பியது. மீன் வாடிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின.

தங்கச்சியின் மகன் இப்போது அந்த விடுதி வாசலில்தான் பலகை வாடகைக்குக் கொடுக்கிறான். நல்ல வரும்படி, அதை நான் குறை சொல்லமாட்டேன். "உள்ளுக்கு வாங்க மாமா" என்றான். காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்மட ஆள்தான்" என்று மருமகன் பொறுப்பெடுத்த பிறகே விட்டார். முற்றத்தில் கிணற்றைப் பலகையால் மூடி மேலே பூச்சட்டிகள் அடுக்கியிருந்தார்கள்.

இரவு உம்மா கேட்டார்: "உல்லைக்குப் போனியா மகன்? கிணத்துத் தண்ணி இப்ப எப்பிடி?"

"உப்புப் போயிட்டு உம்மா" என்றேன்.