பனிமேல் ஓர் இரவு

மலையேற்றம் கோடைக்கால விவகாரம் என்ற எண்ணத்தை உடைத்துவிட்டது கேதார்காந்தா. உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் கோவிந்த் பசு விஹார் சரணாலயப் பகுதியில் இருக்கிறது இந்த 12,500 அடிச் சிகரம். இமயத்தின் பல பாதைகளைப் பனி மூடிவிடும் டிசம்பரில்தான் இங்கே கூட்டம் சேர ஆரம்பிக்கிறது.

டேராடூனிலிருந்து புரோலா, மோரி வழியாக ஏறத்தாழ 200 கி.மீ. போனால் சாங்ரி கிராமம். தேவதாரு மரத்தால் கட்டிய இப்பகுதியின் பழைய வீடுகளில் கீழ்த்தளம் ஆடுமாடுகளுக்கு, மேல்தளம் மனிதர்களுக்கு. கால்நடைகளின் உடற்சூடு மேலேறி வீட்டைக் கதகதப்பாக்கும். ஒரு காலத்தில் குளிர்காலம் என்றால் சேமித்த தானியத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இப்போது அதுவே சம்பாதிக்கும் பருவம். வழிகாட்டி, சமையல்காரர், சுமைதூக்கி, கோவேறு கழுதைக்காரர் என்று பலருக்கும் பிழைப்பு.

கிராமத்துக்கு மேலே ஊசியிலைக் காடு. சுமார் 9,000 அடியில் ஜூடா கா தாலாப் என்ற சிறிய ஏரி, ஜனவரியில் உறைந்து கிடக்கிறது. பெரும்பாலானோருக்கு முதல் இரவு இதன் பக்கத்தில்தான். புதுப்பனி முழங்காலளவு இருந்தால் பாதை வெட்டுவது முன்னால் போகிறவர் பாடு. மற்றவர்கள் அவருடைய காலடிக் குழிகளில் கால் வைக்கிறார்கள். அதனால் முதல் ஆளை அடிக்கடி மாற்ற வேண்டும்.

புதியவர்கள் குளிரைக் கண்டு பயப்படுகிறார்கள். வழிகாட்டிகள் பயப்படுவது ஈரத்துக்கு. ஏறும்போது வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை, நின்றதும் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். எனவே ஏறும்போதே ஒரு கம்பளியைக் கழற்ற வேண்டும், நின்றவுடன் போட்டுக்கொள்ள வேண்டும். கூடாரம் போடுமுன் பனியைக் காலால் மிதித்துத் தளமாக்கி, அது இறுகும்வரை காத்திருக்கிறார்கள். கூடாரத்தின் காற்றுத் துளைகளை மூடக்கூடாது. மூடினால் மூச்சுக்காற்றின் ஈரம் உள்ளே உறைந்து, விடியலில் முகத்தில் கொட்டும். உள்ளே அடுப்பெரிப்பது அதைவிட ஆபத்து. கார்பன் மோனாக்ஸைடு சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

தண்ணீருக்கும் பனியைத்தான் உருக்க வேண்டும். பத்துப் பாத்திரம் புதுப்பனி ஒரு பாத்திரம் தண்ணீராகும். அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றாமல் உருக்கினால் பாத்திரம் தீய்ந்துவிடும். பாட்டிலைக் கவிழ்த்து வைப்பதும் ஒரு தந்திரம். பனிக்கட்டி மேற்பரப்பில்தான் முதலில் உருவாகும் என்பதால் மூடி உறையாமல் தப்பும். நாளைக்குப் போட வேண்டிய காலுறை தூங்குபவரோடு படுக்கைப் பைக்குள் போகிறது.

சிகரத்துக்குப் புறப்படுவது விடியலுக்கு முன்பே. இரவில் இறுகிய பனி காலைத் தாங்கும். வெயில் ஏறினால் தொடைவரை புதையும். உச்சியில் நின்றால், பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு ஏறிய வழி என்று நம்பப்படும் ஸ்வர்காரோகிணி எதிரே தெரியும்.

இந்த அழகே ஆபத்தாகவும் ஆகியிருக்கிறது. கூட்டம் பெருகினால் குப்பையும் பெருகும். பனி அதை மறைக்கும், அழிக்காது. 'புக்யால்' எனப்படும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதை ஆகஸ்ட் 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தடை செய்தது. பயணிகள் எண்ணிக்கையை 200-க்குள் நிறுத்தவும் சொன்னது. சுற்றுலாவை நம்பியிருந்த மலைக் கிராமங்களுக்கு அது அடிதான். ஆனால் புல்வெளி போனால் மேய்ச்சலும் போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு ஆபத்து அவசரம். இதே மாவட்டத்தில் சஹஸ்திர தால் ஏரிப் பாதையில் 2024-ல் பனிப்புயலில் சிக்கிய குழுவில் 9 பேர் இறந்தனர். அது ஜூன் மாதம். கோடையிலேயே அந்தக் கதி என்றால் ஜனவரியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மேகம் கறுக்கும்போது, "போதும், திரும்பலாம்" என்று சொல்லத் தெரிந்த உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலிதான் இந்தப் பயணத்தில் உருப்படியான செலவு.