வேருக்கும் மூச்சு வேணும்



மஞ்சளுக்குக் களை எடுத்து மண் அணைச்சு முடிச்சாச்சு. ரெண்டு நாளா கை கொஞ்சம் ஓய்வா இருக்குது. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச ஒரு விஷயத்தை இப்ப எழுதிடறேன். இது ஒரு பூந்தொட்டி சமாச்சாரம். நம்ம காட்டுப் பயிருக்கும் இதுல சேதி இருக்குது, பொறுமையாப் படிங்க.

போன வருசம் சித்திரையில என் மக சிங்கப்பூருக்கு நர்ஸ் வேலைக்குப் போனா. அதுக்கு முன்னாடி கோயமுத்தூர்ல ரெண்டு வருசம் வேலை பார்த்தப்ப, ஹாஸ்டல் ஜன்னல்ல ஒரு ஆர்க்கிட் செடி வளர்த்தா. சொந்தச் சம்பளத்துல 650 ரூபாய் குடுத்து வாங்கினது. ஊதா நிறத்துல, பட்டாம்பூச்சி வரிசையா உக்காந்த மாதிரி பூ. ஃபெலனாப்சிஸ்னு பேரு. அது என் வாயில நுழையவே ஒரு மாசம் ஆச்சு. கிளம்பற அன்னிக்கு அதைத் திண்ணையில வெச்சுட்டு, "அப்பா, இதை நீங்கதான் பார்த்துக்கணும். உங்களுக்குத் தெரியாத வெவசாயமா"ன்னு சொல்லிட்டுப் போனா.

அந்த வார்த்தையில எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிப்போச்சுன்னுதான் சொல்லணும். 30 வருசத்துக்கு மேல மண்ணுல கை வெச்சவன், ஒரு தொட்டிச் செடியைப் பார்த்துக்க மாட்டனான்னு நெனச்சேன்.

கார் போன மறுநாள் செடியை நல்லாப் பார்த்தேன். பிளாஸ்டிக் தொட்டிக்குள்ள மண்ணே இல்லை. வெறும் மரப்பட்டைத் துண்டுக. நடுவுல பாசி மாதிரி ஒரு உருண்டை. வேர்ல பாதி தொட்டிக்கு வெளியே அந்தரத்துல தொங்குது. பட்டணத்துக்காரன் புள்ளையை நல்லா ஏமாத்திட்டான்னு நெனச்சுட்டு, உடனே ஒரு மண் தொட்டி எடுத்து, செம்மண்ணும் மக்கின தொழு உரமும் கலந்து, வெளியே நீட்டிட்டிருந்த வேரையெல்லாம் உள்ள தள்ளி அமுக்கி நட்டு வெச்சேன். காலையில ஒரு சொம்பு, சாயந்தரம் ஒரு சொம்பு தண்ணி. வாரம் ஒருக்கா பஞ்சகவ்யா வேற. ராஜ உபசாரம்தான் போங்க.

வைகாசியில பூ உதிர்ந்துச்சு. பூ என்னைக்கிருந்தாலும் உதிர்றதுதானேன்னு விட்டுட்டேன். ஆடியில இலை சுருங்க ஆரம்பிச்சுது. தடியா, பளபளன்னு இருந்த இலை, தண்ணி வத்தின வெத்தலை மாதிரி துவண்டு தொங்குச்சு. இலை துவண்டா தண்ணி பத்தலைன்னுதானே அர்த்தம்? இன்னும் ஒரு சொம்பு சேர்த்து ஊத்தினேன். என் சம்சாரம் பார்த்துட்டு, "ஏனுங்க, செடிக்குத் தண்ணி ஊத்தறீங்களா, இல்லை குளிக்க வெக்கறீங்களா?"ன்னு கேட்டா. எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

புரட்டாசியில அஞ்சு இலையில ரெண்டு மஞ்சளாகி விழுந்துருச்சு.

ஞாயித்துக்கிழமை ஆனா மக வீடியோ கால்ல வருவா. ஆடு, மாடு, பாட்டி எல்லாத்தையும் விசாரிச்சுட்டுக் கடைசியா, "என் செடி எப்படி இருக்குதுங்கப்பா?"ன்னு கேப்பா. "நல்லா இருக்குது சாமி"ம்பேன். காட்டச் சொன்னா, கரண்ட் இல்லை, வெளிச்சம் பத்தாது, நான் தோட்டத்துல இருக்கறேன்னு ஏதாச்சும் ஒண்ணு. ஒரு செடிக்காகப் பெத்த புள்ளைகிட்டப் பொய் சொல்றமேன்னு உறுத்தாம இல்லை. ஆனா "உங்களுக்குத் தெரியாத வெவசாயமா"ன்னு சொல்லிட்டுப் போனவகிட்ட என்னன்னு சொல்றது?

ஐப்பசியில மழை விடாம பிடிச்சுக்கிச்சு. எங்க மஞ்சள் காட்டுல கிழக்குப் பக்கம் ஒரு பள்ளத்து மூலை. அங்க தண்ணி நின்னு போச்சு. ஒரு வாரத்துல இலை ஓரம் மஞ்சளாகிக் காஞ்சுது. தண்டைப் பிடிச்சு இழுத்தா, பிடிமானமே இல்லாம கையோட வந்துச்சு. கிழங்கை அமுக்கினா கொழகொழன்னு நாத்தம். கிழங்கு அழுகல். கால் ஏக்கர் போச்சுங்க. மழையில நனைஞ்சுக்கிட்டே வடிகால் வெட்டி மிச்சத்தைக் காப்பாத்தினோம். வெட்டறப்ப எங்கப்பா சொல்றது ஞாபகம் வந்துச்சு: "வேருக்கும் மூக்கு இருக்குதுடா. தண்ணியில முக்கி வெச்சா அதுவும்தான் மூச்சு முட்டிச் சாகும்."

அப்பவும் எனக்குத் திண்ணைத் தொட்டி ஞாபகம் வரலை, பாருங்க.

அந்த ஞாயித்துக்கிழமை மக பேசறப்ப, ரோட்டோரம் நடந்துக்கிட்டே போனைத் திருப்பிக் காட்டினா. "இங்க பாருங்கப்பா, ரோட்டு மரத்துலயே ஆர்க்கிட்டைக் கட்டி விட்டிருக்காங்க. இவங்க தேசியப் பூவே ஆர்க்கிட்தான். வாண்டா மிஸ் ஜோக்கிம்னு பேரு"ன்னா. மரத்து மேல, பட்டையைப் பிடிச்சுக்கிட்டு, வேரெல்லாம் வெளியே. நான் "ம், ம்"னு கேட்டுக்கிட்டேன். ராத்திரி தூக்கம் வரலை.

எங்க ஊர்க் கோயில் தோப்புல ஒரு பழைய மாமரம் இருக்குது. அதுல ஒரு செடி ஒட்டிக்கிட்டிருக்கும். நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப அதைப் புல்லுருவின்னு சொல்லிக் குச்சியில தட்டி விடுவோம். காலையில மொத வேலையா அங்க போய் அண்ணாந்து பார்த்தேன். அது புல்லுருவி இல்லைங்க. புல்லுருவி மரத்துக்குள்ள வேரை விட்டுச் சாறை உறிஞ்சும். இது அப்படி இல்லை. பட்டை மேல சும்மா உக்காந்திருக்குது. கயிறு மாதிரி தடியான வேர், பாதி பட்டையைப் பிடிச்சுக்கிட்டு, பாதி காத்துல. இதுவும் ஆர்க்கிட்தான், வாண்டா வகை. மழை பேஞ்சா நனையும், காத்தடிச்சா காயும். மண்ணும் கிடையாது, எருவும் கிடையாது. நாங்க அத்தனை தட்டு தட்டியும் இன்னும் உசுரோட இருக்குது.

அங்க நிக்கறப்பத்தான் எனக்கு உறைச்சுது. மரத்துல காத்தோட வாழற செடியைக் கொண்டுவந்து நான் சேத்துல புதைச்சு வெச்சிருக்கேன். பள்ளத்து மூலையில மஞ்சளுக்கு மழை செஞ்சதை, திண்ணையில இதுக்கு நான் செஞ்சிருக்கேன்.

வீட்டுக்கு வந்து தொட்டியைக் கவுத்தேன். சாக்கடை நாத்தம். வேரை வெரல்ல பிடிச்சா, மேல் தோல் உறை மாதிரி உருவிக்கிட்டு வந்து, உள்ள நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நிக்குது. அதுதான் செத்த வேர். நல்ல வேர் அமுக்கினா கெட்டியா இருக்கும். இலை ஏன் துவண்டுச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. சுத்தியும் தண்ணி, ஆனா குடிக்க வாய் இல்லை. வேர் அழுகினாலும் இலை துவளும், தாகத்துலயும் துவளும். மேலேருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். வேரைப் பார்த்தாத்தான் தெரியும்.

பதினாலு வேர்ல மூணுதான் தேறுச்சு.

அப்புறம் செஞ்சதை வரிசையாச் சொல்றேன், யாருக்காச்சும் உதவும். வேரை ஓடற தண்ணியில கழுவி, மண்ணையும் நடுவுல இருந்த பாசி உருண்டையையும் எடுத்துட்டேன். புது பிளேடை நெருப்புல காட்டி ஆற வெச்சு, அழுகினதை எல்லாம் நல்ல இடம் தெரியற வரைக்கும் வெட்டினேன். வெட்டின வாய்ல மட்டும் அடுக்களையில இருந்த பட்டைத் தூளைத் தொட்டு வெச்சேன். நல்ல வேர் மேல அது படக்கூடாது, வேரைக் காய வெச்சுரும். ஒரு நாள் முழுக்க நிழல்ல சும்மா போட்டுட்டேன்.

தேங்காய் மட்டையை ஒரு இஞ்சுத் துண்டா வெட்டி மூணு நாள் ஊற வெச்சேன். தினமும் தண்ணியை மாத்தணும். மொத நாள் டீ மாதிரி இறங்கும். மட்டையில இருக்கற உப்பும் கறையும் போகட்டும்னுதான். அதுகூட அடுப்புக்கரித் துண்டும் ஓட்டாஞ்சில்லும் கலந்தேன். மண் ஒரு பிடி கூட இல்லை. பக்கத்துலயும் ஓட்டை போட்ட சின்ன மண் தொட்டி. பெரிய தொட்டின்னா உள்ள ஈரம் காயாது. மூணு வேரால செடி நிக்காதுங்கறதால ஒரு குச்சி நட்டு நூல்ல கட்டிவிட்டேன். திண்ணையில கிழக்கு வெளிச்சம் படற இடம், நேர் வெயில் கிடையாது.

பஞ்சகவ்யா பாட்டில் கையில வந்துச்சு. அதைத் திரும்ப வெச்சதுதான் பெரிய காரியம். வேர் இல்லாத செடிக்கு உரம் குடுக்கறது, காய்ச்சல்காரனுக்கு விருந்து வெக்கற மாதிரி.

தண்ணிக்கு ஒரே கணக்குதான். ஆர்க்கிட் வேர் காஞ்சிருந்தா வெள்ளி மாதிரி சாம்பல் வெள்ளையா இருக்கும். நனைஞ்சா பச்சையாகிடும். பச்சையா இருந்தா தொடக்கூடாது. வெளுத்தா காலையில நல்லா நனைச்சு, முழுக்க வடிய விடணும். இலை நடுக் குருத்துல தண்ணி நின்னா அதுவும் அழுகிடும், துணியில ஒத்தி எடுத்துருவேன்.

அந்த ஞாயிறு மக கேக்கறதுக்கு முன்னாடி நானே போனைச் செடிக்கு நேரா பிடிச்சேன். வெட்டிப் போட்ட வேரையும் காட்டினேன். "நான்தான் சாமி கெடுத்துட்டேன். மண்ணுல நட்டுட்டேன். இத்தனை நாளும் உன்கிட்டப் பொய் சொன்னேன்"னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சிரிச்சா. "அப்பா, அது மூணாவது செடி. மொத ரெண்டையும் ஹாஸ்டல்ல நானே தண்ணி ஊத்திக் கொன்னுட்டேன். உங்ககிட்டச் சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லலை"ன்னா.

பக்கத்துல இருந்த எங்கம்மிணி, "நல்ல அப்பன், நல்ல புள்ளை"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அப்புறம் ரெண்டு மாசம் ஒண்ணுமே நடக்கலை. இன்னும் ஒரு இலை போச்சு, ரெண்டுதான் மிச்சம். தினமும் போய்ப் பார்ப்பேன். சொம்பைத் தூக்காம பார்க்கறது எவ்வளவு கஷ்டம்னு அப்பத்தான் தெரிஞ்சுது. பொங்கல் முடிஞ்ச வாரம், அடித்தண்டுல கடுகு மாதிரி ஒரு பச்சை முளை. இலையா வேரான்னு தெரியலை. பத்து நாள்ல கீழ பார்த்து வளைஞ்சு, நுனி பளபளன்னு வந்துச்சு. புது வேர். அதுக்கப்புறம்தான் 15 நாளைக்கு ஒருக்கா உரத்தை ரொம்பத் தண்ணியாக் கலந்து குடுத்தேன். கோடையில ஒரு தட்டுல கூழாங்கல்லும் தண்ணியும் போட்டு, தண்ணி தொடாம கல்லு மேல தொட்டியை வெச்சேன்.

இப்ப ஆவணி. நாலு இலை, ஏழு வேர். அதுல ரெண்டு தொட்டியை விட்டு வெளியே நீட்டிக்கிட்டிருக்குது. உள்ள தள்ளலை. பூ வருமான்னு கேட்டா, இந்த வகைக்கு ராத்திரி குளிர்ச்சி சில வாரம் தொடர்ந்து கிடைச்சாத்தான் பூத்தண்டு விடும். நம்ம பக்கம் மார்கழிக் குளிர் அதுக்குப் போதுமான்னு பார்க்கணும். மக தையில லீவுல வர்றா. பூ இல்லாட்டியும் வேரைக் காட்டுவேன்.

பள்ளத்து மூலையில இந்த வருசம் மழைக்கு முன்னாடியே வடிகால் வெட்டியாச்சு. பாத்தியையும் ஒரு அடி உசத்திட்டேன்.

இதை எழுத உக்கார்றதுக்கு முன்னாடி திண்ணைக்குப் போனேன். வேர் இன்னும் பச்சையாத்தான் இருக்குது. பார்த்துட்டு சும்மா திரும்பி வந்துட்டேன்.